பீப் அடித்தால் கேபிள் நல்லதா?

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டிஷ் இருக்கிறது. அங்கிருந்து கீழ்த்தள ஹாலுக்கு வரும் கேபிள் சுமார் 35 மீட்டர். பாதிக்கு மேல் சுவருக்குள் பைப்பில் ஓடுகிறது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழை நின்று மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாதி சேனல்கள் வருவதில்லை. நல்ல வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்து, 'பீப் வருது, கேபிள் நல்லா இருக்கு' என்று டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.யை மாற்றினார். அடுத்த மழையில் பழைய கதைதான். இப்போது சுவரை உடைத்துக் கேபிளை மாற்ற வேண்டும் என்கிறார்கள். போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம். என்னிடம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. அதை வைத்து நானே கண்டுபிடிக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்:

ஐயா, வணக்கம். சுவரை உடைக்க வேண்டாம். கேபிளிலேயே கோளாறு என்று முடிவானால்கூட உடைக்க வேண்டியிருக்காது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் மல்டிமீட்டர், ஒரு செம்புத் தண்ணீர், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரு ரெசிஸ்டர், இவ்வளவு போதும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டி.டி.எச். சிக்னல் வானத்திலிருந்து 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வருகிறது. அந்த அலையை மழைத்துளி உறிஞ்சும், சிதறவும் அடிக்கும். அதனால் கொட்டுகிற மழையில் படம் போவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அதற்குக் கேபிளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோளாறு மேகத்தோடு வந்து மேகத்தோடு போய்விடும். மழை ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் படம் திரும்பியாக வேண்டும். உங்களுக்கோ மறுநாள் மத்தியானம் வரை நீடிக்கிறது, வெயிலில் குணமாகிறது. இது வானத்து மழை இல்லை ஐயா, உள்ளே புகுந்த மழை. எல்.என்.பி. புதுசு என்பதால் மிச்சம் இருப்பது கேபிளும் அதன் முனைகளும்தான்.

இனி அந்தப் பீப் விஷயம். சர்வீஸுக்கு வருகிறவர்கள் பலரும் செய்கிற தவறு இது. நானும் ஆரம்பத்தில் செய்தவன்தான்.

மீட்டரின் பீப் என்ன சொல்கிறது? 'நான் அனுப்பிய துளியூண்டு மின்சாரம் எப்படியோ திரும்பி வந்தது' என்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பு 2 ஓம் இருந்தாலும் கத்தும், 20 ஓம் இருந்தாலும் கத்தும். மீட்டருக்கு மீட்டர் எல்லை மாறும். சிலது 50 ஓம் வரைக்கும்கூடக் கத்தும். உங்கள் கேபிள் செய்கிற வேலையோ வேறு. எல்.என்.பி. வானத்து அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. அதே கம்பியில் செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட்டையோ 18 வோல்ட்டையோ மேலே அனுப்புகிறது. இந்த இரண்டு வேலையில் ஒன்றைக்கூடப் பீப் சோதிப்பதில்லை.

இன்னொன்று. எந்த இரண்டு முனைக்கு நடுவே பீப் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பக்கமும் கழற்றி வைத்த கேபிளில் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியிருக்கும் உலோக வலைக்கும் இடையே பீப் வந்திருந்தால் அது நல்ல செய்தியே இல்லை. அதற்குப் பெயர் ஷார்ட்.

தொண்ணூறுகளில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்தேன். அப்போது இன்றைய நீலக் கேபிள் பரவவில்லை. ஆர்.ஜி. 58 என்ற 50 ஓம் கோஆக்ஸ்தான் (உங்கள் டிஷ் கேபிளைப் போலவே நடுக்கம்பியும் சுற்றி வலையும் உள்ளது) ஒவ்வொரு மேஜையாகத் தொட்டுக்கொண்டு ஓடும். இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும். ஒரு நாள் காலையில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. நான் அறை அறையாகப் போய் பீப் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பீப். மதியம் வந்த சீனியர் மீட்டரை ஓமுக்குத் திருப்பி ஒரே இடத்தில் வைத்தார். 25 காட்ட வேண்டிய இடத்தில் 50 காட்டியது. இரண்டு மூடி இருந்தால் 25, ஒன்றுதான் இருந்தால் 50. தரையைப் பெருக்கும்போது யாரோ ஒரு மூடியைத் தட்டிவிட்டிருக்கிறார்கள், அது பீரோவுக்கு அடியில் கிடந்தது. கம்பி எங்கேயும் அறவில்லை. ஆனால் திறந்த முனையில் மோதிய சிக்னல் திரும்பி வந்து, பின்னால் வருவதோடு முட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குப் பீப் மேல் நம்பிக்கை கிடையாது. எண்ணைத்தான் பார்ப்பேன். நீங்களும் மீட்டரின் அந்தப் பீப் குறியை மறந்துவிட்டு, ஓம் அளவில் வையுங்கள்.

தொடங்குமுன் பாதுகாப்பு. செட்டாப் பாக்ஸ், டிவி இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இரண்டு கால் பிளக் உள்ள பெட்டிகளில் கேபிளின் வெளி உலோகத்தைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும், டெஸ்டரும் எரியும். அது பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது. பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும். பிடுங்கிய பிறகும் டெஸ்டர் எரிந்தால் கேபிளை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எங்கிருந்தோ கரன்ட் வருகிறது. இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போகவே வேண்டாம்.

சரி, இப்போது மாடிக்குப் போவோம். எந்த மீட்டரையும் எடுப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் எல்.என்.பி.யில் சொருகியிருக்கும் எஃப் கனெக்டர். கோஆக்ஸ் கேபிள் நடுவழியில் கெடுவது குறைவு, முனையில் கெடுவதே அதிகம். கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலும் கறுத்திருந்தாலும் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாக்ஸ் அனுப்பும் 18 வோல்ட்டில் நடுக்கம்பிதான் பாசிட்டிவ். நடுவே தண்ணீர் நின்றால், நீங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பீர்களே, அதே மின்னாற்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பு வேறு இருக்கிறது, கேட்கவே வேண்டாம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். அடுத்த மழைக்குக் கோளாறு இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கும்.

கம்பி துருப்பிடித்துப் பழுப்பாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். இப்போது சந்தையில் வரும், டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்.ஜி. 6 வகைக் கேபிளில் பெரும்பாலும் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை. இரும்புக் கம்பி மேல் செம்பு முலாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்தால் ஒட்டும். இது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் சிக்னல் கம்பியின் மேல்தோலில் 2 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது, உள்ளே என்ன உலோகம் என்று அதற்குக் கவலையில்லை. ஆனால் அந்தத் தோல் போனால் எல்லாம் போச்சு. கத்தியால் சீவும்போது செம்பைச் சுரண்டிவிட்டாலும் அப்படித்தான், பச்சை பூத்து அரித்தாலும் அப்படித்தான். இரும்பு வழியாகப் பீப் மட்டும் சுகமாக வந்துகொண்டிருக்கும்.

கறுப்பு உறையையும் ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் அலுமினிய வலை வெள்ளிபோல இருக்க வேண்டும். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் தண்ணீர் அதுவரை வந்துவிட்டது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல வலை தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், அதுவும் மேலிருந்து கீழே என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் வெட்டுங்கள், மறுபடி பாருங்கள். சுத்தமான வலை வரும்வரை வெட்டலாம், மாடியில் கொஞ்சம் கேபிள் மிச்சம் சுற்றி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மீட்டர் வெட்டியும் பொடி வந்துகொண்டே இருந்தால் அந்தக் கேபிளுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான், மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

முனை சுத்தமாக இருந்தால் மீட்டருக்கு வாருங்கள். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். நடுவே சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரோ வேறு பெட்டியோ இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். முக்கியமான விஷயம், இந்தச் சோதனையை மழை விட்ட உடனே செய்யுங்கள். காய்ச்சல் இருக்கும்போதுதானே தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்? உங்களிடம் வந்தவர் வெயில் நாளில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். வெயிலில் உங்கள் கேபிள் எந்தப் பரீட்சையிலும் பாஸாகிவிடும்.

மீட்டரில் இருக்கும் மிகப் பெரிய மெகா ஓம் அளவில் வைத்து நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே பாருங்கள். விரல் படக்கூடாது, உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்துக் காட்டிவிடும். காய்ந்த கேபிளில் எண்ணே வராது, அளவுக்கு மிஞ்சியது என்ற குறிதான் நிற்கும். ஒரு மெகா ஓம், அரை மெகா ஓம் என்று காட்டி, எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் தண்ணீர். மீட்டர் வயர்களை மாற்றி வைத்தால் வேறு எண் வரும், அதுவும் தண்ணீரின் அடையாளம். அப்புறம் மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். எதுவும் இணைக்காத கேபிளில் சில நூறு மில்லிவோல்ட் அசையாமல் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். நடுவில் செம்பு, வெளியே அலுமினியம், இடையில் உப்புத் தண்ணீர். உங்கள் கேபிளே ஒரு குட்டி பேட்டரியாகிவிட்டது.

அடுத்தது, கீழ் முனையில் நடுக்கம்பியையும் வலையையும் ஒரு சின்னக் கம்பியால் இறுக்கமாகச் சேர்த்துவிட்டு மேலே போய் ஓம் பாருங்கள். மீட்டர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். காந்தம் ஒட்டுகிற ஆர்.ஜி. 6 கேபிளில் 35 மீட்டருக்குப் போக வர 4 அல்லது 5 ஓம் வரும். முழுச் செம்பு என்றால் 2 ஓம் பக்கத்தில். வலையின் அடர்த்தியைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 12, 15 என்று வந்தால் எங்கோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது. எண் நிலையாக இருக்கிறதா என்பதும் முக்கியம். வீட்டில் ஒருவரை முனையையும், இரண்டு கேபிளைச் சேர்க்கும் ஜாயிண்டர் வெளியே தெரிந்தால் அதையும் மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். 4.6 என்று நின்ற எண் 9க்குத் தாவி 5க்கு வந்தால், அசைத்த இடம்தான் குற்றவாளி.

கெப்பாசிட்டன்ஸ் அளவு உங்கள் மீட்டரில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கையில் இருப்பது பாதி விலை உயர்ந்த கருவி. நடுக்கம்பியும் வலையும் சேர்ந்து ஒரு நீளமான கெப்பாசிட்டர். இரண்டுக்கும் நடுவே நுரை நிரப்பிய ஆர்.ஜி. 6, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 53 பிக்கோஃபாரட் காட்டும். 35 மீட்டருக்கு 1.85 நானோஃபாரட். கீழ் முனையைத் திறந்து வைத்துவிட்டு மேலிருந்து அளந்தால் அந்த எண் வர வேண்டும். வந்தால் நடுக்கம்பி கடைசிவரை போகிறது. குறைவாக வந்தால் வழியில் அறுந்திருக்கிறது, எங்கே என்றும் சொல்லிவிடும். மேலிருந்து 1.10, கீழிருந்து 0.75 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.85. அதில் 1.10 என்பது அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 35 மீட்டரில் அது மேலிருந்து சுமார் 21 மீட்டர். சுவரைத் தொடாமல் சுவருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். மொத்த எண் 1.85ஐத் தாண்டி 2.2, 2.4 என்று போனால் நுரைக்குள் ஈரம். அந்த நுரை பாலித்தீன்; அதைவிடத் தண்ணீருக்கு மின்காப்பு மாறிலி, அதாவது கெப்பாசிட்டன்ஸை ஏற்றும் தன்மை, பல மடங்கு அதிகம், கொஞ்சம் புகுந்தாலும் எண் ஏறும். அரித்த கனெக்டர்கூட இந்த எண்ணைக் கெடுக்கும், அதனால் முனைகளைப் புதிதாகச் சீவிவிட்டு அளப்பது நல்லது.

ஷார்ட் ஆன கேபிளுக்கு இதே வித்தையை ஓமில் செய்யலாம். இரண்டு முனையிலிருந்தும் அளந்து, அதே விகிதக் கணக்கு. உங்கள் வீட்டில் ஷார்ட் இருந்தால் வெயிலிலும் படம் வராது, அதனால் அதற்குள் போகவில்லை.

இப்போது நீங்கள் எழுதிய 'பாதி சேனல்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த துப்பு அதுதான். பாக்ஸ் ஏன் 13, 18 என்று இரண்டு வோல்ட் அனுப்புகிறது தெரியுமா? வானத்திலிருந்து சேனல்கள் இரண்டு அணியாக, செங்குத்து அலை, கிடை அலை என்று வருகின்றன. 13 வோல்ட் வந்தால் எல்.என்.பி. ஓர் அணியை எடுக்கும், 18 வந்தால் மற்றதை. இரண்டுக்கும் நடுவே 15 வோல்ட்டைச் சுற்றி எங்கோதான் அது முடிவு செய்கிறது. கீழே 18 கிளம்பி, வழியில் ஈரமான இணைப்பு ஒன்று மூன்று நான்கு வோல்ட்டைத் தின்றுவிட்டால், மேலே இருக்கும் எல்.என்.பி. 13 வந்ததாக நினைத்துக்கொள்ளும். ஓர் அணி சேனல்கள் ஜம்மென்று வரும், மற்ற அணி மொத்தமாகக் காணோம்.

இதைச் சோதிக்கச் சும்மா வோல்ட் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை, அரித்த இணைப்பும் முழு 18ஐக் காட்டும். பாதி அடைத்துப்போன குழாயிலும் மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் இருக்கிற மாதிரிதான். திறந்தால்தானே தெரியும்? அதற்காக ஒரு 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கால் வாட் போதாது, 18 வோல்ட்டில் மூன்று வாட்டுக்கு மேல் சூடாகி எரிந்துவிடும். 5 வாட்டே சுடத்தான் செய்யும், கையில் பிடிக்க வேண்டாம். கீழே பாக்ஸை இணைத்து ஆன் செய்து, மழைக்குப் பிறகு வராமல் போகும் சேனல் ஒன்றை வைத்துவிட்டு மேலே போங்கள். கேபிளின் மேல் முனையில் நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே ரெசிஸ்டரை வைத்து, அதன் இரு பக்கமும் வோல்ட் பாருங்கள். எல்.என்.பி. இழுக்கிற அளவு மின்சாரத்தை இப்போது ரெசிஸ்டர் இழுக்கிறது. ஆரோக்கியமான கேபிளில் 17க்கு மேல் நிற்கும். 15, 14 என்று தொய்ந்தால் எல்.என்.பி. மேல் பழி போட்டது அநியாயம். கீழே பாக்ஸின் முனையிலேயே அதே ரெசிஸ்டரோடு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே தொய்ந்தால் கோளாறு பாக்ஸில்.

17க்கு மேல் நின்றும் பாதி சேனல் வரவில்லை என்றால் காரணம் வேறு. ஈரம் கேபிளின் உயர் அலைவரிசையைத் தின்கிறது. நல்ல ஆர்.ஜி. 6, 100 மீட்டருக்கு 950 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபலும் 2150 மெகாஹெர்ட்ஸில் 32 டெசிபலும் ஏறக்குறைய இழக்கும். உங்கள் 35 மீட்டருக்கு 7, 11. எந்த பாக்ஸும் இதைத் தாங்கும், கேபிள் நீளம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நனைந்தால் மேல் அலைவரிசை முதலில் சரியும். அதிலிருக்கும் சேனல்கள் முதலில் போகும்.

மழைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் செம்புத் தண்ணீர் முறை. காய்ந்த நாளில் எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, டிவியில் சிக்னல் குவாலிட்டி காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஸ்ட்ரெங்த் கோட்டை அவ்வளவாக நம்ப வேண்டாம், குவாலிட்டிதான் நிஜம் பேசும். வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் போனில் பேசியபடியே கேபிள் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் சுவருக்குள் நுழையும் இடம், ஐந்து நிமிஷம் பொறுத்து வெளியே இருக்கும் ஜாயிண்டர், கடைசியாக எல்.என்.பி. கனெக்டர். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. வீட்டுக் கரன்ட் வயர் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் செம்புக்குக் குவாலிட்டி இறங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த முறையைச் சொன்னால் புதுப் பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு எத்தனையோ வீட்டில் கை கொடுத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிடி கொடுக்காவிட்டால்தான் டி.டி.ஆர். என்ற கருவி. கிணற்றில் எட்டிப் பார்த்து ஒரு கூவு கூவினால் எதிரொலி வருகிற நேரத்தை வைத்து ஆழம் சொல்லலாம் இல்லையா, அதேதான். ஒரு முனையில் ஒரு துடிப்பை அனுப்பும், கோளாறில் பட்டு அது திரும்பும். ஆர்.ஜி. 6 கேபிளில் சிக்னல் ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் போகும். 20 மீட்டரில் கோளாறு என்றால் போய் வர 160 நானோ விநாடி. அறுந்திருந்தால் எதிரொலி மேல்நோக்கி எழும்பும், ஷார்ட் என்றால் கீழே கவிழும், ஈரம் இருந்தால் மெல்லச் சரியும். நசுங்கிய வளைவு, மட்டமான ஜாயிண்டர் எல்லாம்கூடச் சின்ன மேடு பள்ளமாகத் தெரியும். அதை வாங்கச் சொல்லவில்லை. உங்கள் ஊர்க் கேபிள் டிவி ஆபரேட்டரிடமோ, சி.சி.டி.வி. போடுகிறவரிடமோ இருக்கலாம். ஹாம் ரேடியோ நண்பர் யாராவது இருந்தால் நானோ வி.என்.ஏ. என்ற கையடக்கக் கருவி வைத்திருப்பார், அதுவும் இந்த வேலையைச் செய்யும். யார் கொண்டு வந்தாலும், 'வேகத்தை எவ்வளவு வைத்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நுரைக் கேபிளுக்கு ஒளி வேகத்தில் 0.82 முதல் 0.85 வரை. கெட்டி பாலித்தீன் கேபிளுக்குரிய 0.66ஐ மாற்றாமல் விட்டுவிட்டால், 20 மீட்டரில் இருக்கும் கோளாறு 16 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். நாலு மீட்டர் தள்ளிச் சுவரை உடைப்பார், அங்கே ஒன்றும் இருக்காது.

சுவர் என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேபிள் பைப்பில் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உள்ளே இருப்பது உறுதியானால், பழைய கேபிளின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, முடிச்சின் மேல் டேப்பை வழுவழுப்பாகச் சுற்றி, மாடியிலிருந்து விட்டுக் கீழே ஹாலிலிருந்து இழுத்தால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். மேலே ஒருவர் தள்ளிவிட வேண்டும், கீழே ஒருவர் இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக்கூடாது. முடிச்சோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது பைப்பிலேயே கிடக்கும், பிற்காலத்தில் உதவும். பைப்புக்குள் யாராவது ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றி வைத்திருந்தால் இழுக்கும்போது மாட்டும். அப்படி மாட்டினால் அந்த இடம்தான் உங்கள் மழைக் கோளாறின் வீடு என்று பந்தயம் கட்டுவேன். அப்போதுகூட அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் திறந்தால் போதும், அதற்கான அளவு உங்கள் கெப்பாசிட்டன்ஸ் கணக்கில் இருக்கும்.

புதுக் கேபிள் வாங்கினால் வெளியே ஓடும் பகுதிக்குக் கறுப்பு உறை போட்டதாகக் கேளுங்கள், வெள்ளை உறை நம் வெயிலில் வெடித்துவிடும். கையால் திருகி மாட்டும் கனெக்டர் வேண்டாம். கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகையைப் போடச் சொல்லுங்கள். வெளிப்புற இணைப்பின் மேல் சாதாரணக் கறுப்பு டேப் சுற்றுவது சுற்றாததற்குச் சமம், ஒரு கோடையில் பசை உருகி வழிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் கிடைக்கிறது, அதைச் சுற்றுங்கள். எல்.என்.பி.யில் மாட்டுவதற்கு முன்னும் சுவரில் நுழைவதற்கு முன்னும் கேபிளை ஒரு தொட்டில்போலத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வளைவு ஒரு டம்ளர் வாயைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. தண்ணீர் அந்தத் தொட்டிலின் அடியிலிருந்து சொட்டிவிடும், கனெக்டருக்கு வராது. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று நாளைக் காலையில் மாடிக்குப் போனதும் முதலில் பாருங்கள்.